கார்டில் ஏறிய வயது

அத்தியாயம் 14

அன்னக்கிளிக்கு வயது ஐம்பத்தைந்து. ரேஷன் கார்டில் எழுபத்தொன்று.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு அந்தப் பதினாறு வருஷம் எப்படி ஏறியது என்று தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஆறு வருஷம் முன்னால் வார்டு ஆள் ஒருவன் குகட்பள்ளி வீட்டுக்கு வந்து, அறுபத்தைந்து என்று கார்டில் எழுதிக்கொண்டால் மாதம் இருநூறு ரூபாய் முதியோர் பென்ஷன் வரும் என்றான். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது. புருஷன் இராமச்சந்திரன் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டான். அவள் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்த ஆபீஸர் ஒரு கேள்வி கேட்கவில்லை. வெயிலும் வேலையும் அந்த வயதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தன.

பிறகு ஓட்டர் கார்டுக்காரன் அந்தக் கார்டைப் பார்த்து எழுதினான். ஆதாரும் அப்படியே. ஆஸ்பத்திரி ஃபைலும் அப்படியே. ஒரு பொய் நாலு குட்டி போட்டது, நாலுக்கும் முத்திரை விழுந்தது.

இப்போது மார்பில் வியாதி. ஏழைகளுக்கான வெள்ளை ரேஷன் கார்டில் ஆபரேஷன் இலவசமாக முடிந்தது. அதற்குப் பிறகு போடவேண்டிய ஊசி அந்த இலவசப் பட்டியலில் இல்லை. இருபத்தொரு நாளுக்கு ஒன்று, மொத்தம் ஒன்பது. ஒன்று எழுபத்தைந்தாயிரம். மூன்று ஊசிக்கே வாங்கிப் போட்ட வீட்டு மனை போய்விட்டது. நாலாவது வருகிற வியாழக்கிழமை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மார்ச் மாதக் கடைசி வேலைநாள்.

காலை ஆறு மணிக்கு நீலா போன் செய்தாள்.

"அம்மா, முழிச்சுட்டியா?"

"தூங்கினாத்தானே முழிக்க."

நீலா மூத்தவள். வீட்டிலிருந்தபடியே டாக்டர்கள் பேசுவதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடிக்கிற வேலை. கம்பெனி கொடுத்த லேப்டாப் சமையலறை மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

"எங்க கம்பெனியிலயும் தம்பி கம்பெனியிலயும் இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணியோட க்ளோஸ். அப்பா அம்மா பேரை இன்ஷூரன்ஸ்ல சேர்க்கணும்னா வருஷத்துல இந்த ஒரு வாரம்தான். உனக்குக் கணக்கு மனசுல நிக்குதா, மறுபடியும் சொல்லவா?"

"நிக்குது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கணக்குத்தான் ஓடியது. இன்ஷூரன்ஸ் இருந்தாலும் மொத்தத்தையும் இன்ஷூரன்ஸ்காரன் கட்டமாட்டான். ஒரு பங்கு நோயாளி கையிலிருந்து போகவேண்டும். அதற்குக் கோ-பே என்று பெயர். மகன் மனோஜின் கம்பெனியில் அறுபது வயதுக்குள் இருந்தால் நூற்றுக்குப் பத்து. அறுபதைத் தாண்டினால் முப்பது. நீலாவின் கம்பெனியில் வயது பார்ப்பதில்லை; யாராயிருந்தாலும் இருபது.

இராமச்சந்திரன் ஜீடிமெட்லாவில் மருந்துப் பீப்பாய் ஏற்றி இறக்கும் காண்டிராக்ட் கூலி. அவன் அந்தக் கணக்கைத் தன் பாஷையில் போட்டுக்கொண்டான். பத்து என்றால் ஒரு மாதக் கூலி. இருபது என்றால் இரண்டு மாதம். முப்பது என்றால் மூன்று மாதம். ஊசியோ இருபத்தொரு நாளுக்கு ஒன்று.

"பத்துன்னா நான் டபுள் ஷிஃப்டு அடிச்சுப் பார்த்துக்கறேன்" என்றான். இருபதைப் பற்றியும் முப்பதைப் பற்றியும் அவன் வாயே திறக்கவில்லை.

"அம்மா, பேசாம நான் உன் பேரைப் போட்டுடறேன்" என்றாள் நீலா. "இருபதுதானே. வயசுத் தகராறே கிடையாது."

"உன் கம்பெனியிலயும் மனோஜ் கம்பெனி மாதிரியே பெத்தவங்க இல்லைன்னா மாமனார் மாமியார், ரெண்டுல ஒண்ணுதான்னு நீதானே சொன்னே."

அன்னக்கிளி அதோடு விடவில்லை.

"உன் மாமியாருக்கு அடுத்த மாசம் முட்டி ஆபரேஷன். அந்தம்மா பேரை எடுத்துட்டு என் பேரா? பொண்ணு வாழற வீட்டுல படுத்திருக்கறவ பாயை உருவி எனக்கு விரிக்கிறியா? வேணாம்டி. நாளைக்கு உன்னை வெளிய நிறுத்துவாங்க."

"அத்தை அப்படிப்பட்டவங்க இல்லம்மா."

"முட்டி நல்லா இருக்கறப்ப எல்லாரும் நல்லவங்கதான்."

"அப்ப தம்பிதான் வழி. அவன் என்ன கேட்டான்? உன் நிஜ வயசுக்கு ஒரு ஆதாரம். இருந்தா பத்து."

"அதுக்குத்தான் கிளம்பறேன். மாத்திரைக் கம்பெனி பாக்கிங்ல பதினோரு வருஷம் இருந்தேனே, அந்த ரிஜிஸ்டர்ல இருக்கும்."

"சரி. ஒண்ணு சொல்றேன் கேளு. அவன் 'போட்டுட்டேன்'னு வாயால சொன்னா நம்பாதே. பேப்பரை வாங்கிக் கண்ணால பாரு."

"கூடப் பொறந்தவனைப் பத்தி என்னடி பேச்சு இது."

"கூடப் பொறந்ததாலதான் சொல்றேன்" என்று நீலா போனை வைத்தாள்.

அன்னக்கிளி பிளாஸ்டிக் பையில் இருந்த பேப்பர்களையெல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டாள். எது தேவை எது தேவையில்லை என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஷேர் ஆட்டோவில் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் தையல் போட்ட பக்கத்தையும் பிடித்துக்கொண்டு போனாள். ரோட்டில் இருந்த பள்ளமெல்லாம் அவளுக்கென்றே தோண்டியது போல இருந்தது.

ஜீடிமெட்லாவில் இறங்கியதும் அந்தப் பழைய மருந்து வாடை மூக்கில் ஏறியது. ஊசி போட்ட நாளிலிருந்து எந்த வாடையும் அவளுக்கு ஆகவில்லை. இது மட்டும் வீட்டு வாடை மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது.

பாக்கிங் சூப்பர்வைசராக இருந்த கிருஷ்ணமூர்த்தி இப்போது ஸ்டோர் இன்சார்ஜ். நாலு தலைமுறையாக செகந்திராபாத். அவர் பேசும் தமிழில் பாதி ஊர்க்காரர்களுடையது.

"அரே, யாரு இது? அன்னக்கிளியா?" என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். தலையில் முடி இல்லாததைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை மறுபடி இறக்கினார். "உக்காரும்மா."

அவள் விஷயத்தைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தேதி தப்பா அச்சான மாத்திரை அட்டையை மூணாவது லைன்ல உன்னை மாதிரி புடிக்கறவ யாரும் இல்ல. இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது, நம்பரை மட்டும் பார்த்தே பொறுக்கித் தள்ளுவே. இப்ப உனக்கே தேதி தப்பா அச்சாயிடுச்சா?"

"நானே அச்சடிச்சுக்கிட்டேன் சார்."

சிரிப்பு நின்றது. அவர் எழுந்து உள்ளே போனார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தூசி படிந்த ரிஜிஸ்டரோடு வந்து பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். 1993, ஜூலை. அன்னக்கிளி, கணவர் இராமச்சந்திரன். வயது முப்பத்தாறு. பக்கத்தில் அவள் கைநாட்டு. அந்த வருஷக் கடைசியில்தான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள்.

"இதைப் பார்த்து லெட்டர்ஹெட்ல அடிச்சுத் தரேன். மேனேஜர் சீலும் வாங்கித் தரேன். ஆனா ஒண்ணு யோசிச்சியா? பென்ஷன் ஆபீஸ்ல இது தெரிஞ்சா ஆறு வருஷக் காசைத் திரும்பக் கேப்பான். கேஸும் போடுவான்."

"உயிரோட இருந்தா கட்டறேன்."

"நக்கோ, அப்படிப் பேச நக்கோ" என்று அவர் கையை ஆட்டினார்.

லெட்டர் டைப் ஆகி மேனேஜர் சீல் விழ மத்தியானம் தாண்டியது; அதுவரை அவள் ஜன்னல் வழியாக லைனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுப் பெண்கள். தலையில் வலைத் தொப்பி. அட்டை அட்டையாக மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது.

"சார், என் ஊசி இங்க செய்யறதில்லையா?"

"நாம பண்றது ஜுரத்துக்கும் வயித்து வலிக்கும்மா. உன்னுது வெளிநாட்டுச் சரக்கு." சீல் வைத்த கடிதத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தார். "போயி உன் பையன்கிட்ட குடு. ஐம்பத்தஞ்சு. கெட்டியா இருக்கு."

பத்து சதவீதம். ஒரு மாதக் கூலி. அவள் அந்தக் கவரை இடுப்பில் செருகிக்கொண்டாள். தையல் வலிக்கவில்லை என்பது கச்சிபௌலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

மனோஜின் கம்பெனி கேட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. செக்யூரிட்டி அவளை உள்ளே விடவில்லை. "பக்கன நில்சோம்மா, கேப்லு வஸ்தாயி" என்று ஓரம் காட்டினான். கேப் வண்டிகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் மகன் எத்தனையாவது மாடியில் இருக்கிறான் என்று இதுவரை அவள் கேட்டதில்லை.

மனோஜ் இருபது நிமிஷம் கழித்து வந்தான். கழுத்தில் நீலப் பட்டையில் அட்டை தொங்கியது.

"எதுக்கும்மா இவ்வளோ தூரம்? போன்ல செப்பொச்சு கதா, சொல்லியிருக்கலாமே?"

"உன்கிட்ட பேப்பரைக் குடுக்கணும்ல." அவள் பையிலிருந்து பேப்பர்க் கட்டை எடுத்து நீட்டினாள். கவர் இடுப்பில் இருந்தது. அதை உருவுவதற்குள் அவன் கட்டைப் புரட்டிவிட்டான். நடுவிலிருந்து ஒரு சின்ன அட்டை நழுவியது. பஸ் பாஸ். ஸ்டூடன்ட் பாஸ். மீசை அரும்பின மனோஜின் போட்டோ ஒட்டியது.

அவன் அதைப் பிடித்துக்கொண்டான். ஒரு நொடி பார்த்தான். பிறகு பேப்பர்களுக்கு நடுவில் திருப்பிச் செருகினான்.

பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் மாதாமாதம் அந்தப் பாஸ் புதுப்பித்தது எந்தக் காசில் என்று அவனுக்குத் தெரியும். மிச்சத்தில்தான் ஜெராக்ஸ் எடுத்தான். ஒன்றாம் தேதி ஆனால், "அம்மா, பென்ஷன் வந்துச்சா?" என்று கேட்டவனே அவன்தான்.

"இருநூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு இப்படிப் பண்ணி வச்சிருக்கே" என்றான், பேப்பரைப் பார்த்தபடியே. "ஆஸ்பத்திரி ஃபைல்ல எழுபத்தொண்ணு, நீ சொல்றது ஐம்பத்தஞ்சு. ஹெச்.ஆர்.ல கேட்டா நான் என்ன சொல்றது? ஃபிராடுன்னு என் வேலைக்கே வேட்டு வைப்பாங்க."

அவள் இடுப்பிலிருந்து கவரை உருவினாள். கடிதத்தை நீட்டினாள்.

"சீல் வச்சு வாங்கியிருக்கேன். கிருஷ்ணமூர்த்தி சார் கெட்டியா இருக்குன்னாரு."

அவன் கவரைப் பிரிக்காமலேயே சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "சரிம்மா. நான் பார்த்துக்கறேன். போ. வெயில்ல நிக்காதே."

"பேரு போட்டுட்டியா?"

"போட்டாச்சும்மா. காலையிலயே போட்டாச்சு."

"பேப்பரைக் காட்டு."

"எதுக்கு? உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது. சும்மா பார்க்கறேன். உங்கப்பாகிட்ட கண்ணால பார்த்தேன்னு சொல்லணும்."

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். பின் பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தான். கட்டம் போட்ட தாள். நாலு வரிசை.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது மனோஜுக்குத் தெரியும். எண்ணைப் படிக்க இங்கிலீஷ் வேண்டியதில்லை என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

முதல் வரிசை 24. அது அவன். இரண்டாவது 23. அது மருமகள் பத்மப்ரியா. மூன்றாவது 58. நாலாவது 54. கடைசி இரண்டுக்கும் ஓரத்தில் 10.

அன்னக்கிளியின் கண் அந்த இரண்டு எண்ணிலும் நின்றது. லைனில் அட்டை ஓடும்போது நிற்கிற மாதிரி.

இராமச்சந்திரனுக்கு அறுபது. அவளுக்குக் கார்டில் எழுபத்தொன்று. ஐம்பத்தைந்து என்று சொல்கிற கடிதம் இப்போதுதான் மகன் பைக்குள் போயிற்று, அதுவும் பிரிக்காமல். இந்தத் தாளோ காலையில் அச்சானது.

ஐம்பத்தெட்டு யார்? போன மாதம்தான் பத்மப்ரியாவின் அப்பாவுக்கு ரிடையர்மென்ட் விருந்து. ஐம்பத்தெட்டு முடிந்தது என்று மைக்கில் சொன்னார்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அன்னக்கிளியும் போயிருந்தாள். கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, இறங்காத ஜாங்கிரியை மரியாதைக்கு விழுங்கினாள்.

"இதுல எது நான்?" என்று கேட்டாள்.

மனோஜின் விரல் தாளின் மேல் ஒரு நொடி அலைந்தது. பிறகு நாலாவது வரிசையில் நின்றது.

"இதோ. இதான்மா நீ."

அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும்போது கீழ் உதட்டைக் கடிப்பான், சின்ன வயதிலிருந்தே. கடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் கஷ்டம் இருக்கும்மா" என்றான் திடீரென்று, அவள் எதுவும் கேட்காமலேயே. "வீட்டு லோன் பாதி அவதான் கட்டறா. அவங்க அப்பாவுக்கு ஷுகர், பி.பி. எல்லாத்தையும் கம்பேர் பண்ணித்தான் முடிவு பண்ண வேண்டியிருக்கு. நீ ஏதும் மனசுல வச்சுக்காதே."

"எதை மனசுல வச்சுக்கக் கூடாது?"

அதற்குள் அவன் போன் அடித்தது. "எஸ், கமிங், டூ மினிட்ஸ்" என்றான் அதில்.

"போப்பா. வேலையைப் பாரு."

தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனான். கண்ணாடிக் கதவு அவன் அட்டையைப் பார்த்ததும் தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டது. கிருஷ்ணமூர்த்தி சார் ரிஜிஸ்டரில் முக்கால் மணி நேரம் தேடி எடுத்த ஐம்பத்தைந்து வயது அவன் சட்டைப் பையிலேயே போய்விட்டது.

அவள் கேட்டுக்கு வெளியே ஒரு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.  லைனில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, பாட்ச் மொத்தமும் கழிவு என்று சொல்லிவிட்டால் இப்படித்தான் இருக்கும்.

இரண்டு கம்பெனி, மூன்று கணக்கு. பத்து, இருபது, முப்பது. மகன் கணக்குப் போட்டதில் தப்பே இல்லை. மாமனாருக்கும் மாமியாருக்கும் பத்து. அம்மாவுக்கு முப்பது. யாராக இருந்தாலும் பத்தைத்தான் எடுப்பான். வியாழக்கிழமை என்று ஒன்று வருவது மட்டும் எந்தக் கட்டத்திலும் இல்லை.

போன் அடித்தது. ஐந்து நாற்பது.

"அம்மா, என்ன ஆச்சு? தம்பி போட்டானா? நான் என் ஸ்க்ரீனை மூடவா? இன்னும் இருபது நிமிஷந்தான் இருக்கு."

போட்டான் என்று சொன்னால் போதும். மகன் மானம் நிற்கும். மகள் குடும்பம் நிற்கும். சம்பந்தி முட்டியும் நிற்கும். ஆறு வருஷம் முன்னால் ஒரு பொய் சொல்லிக் கை பழகியவள்தானே, இன்னொன்று என்ன பெரிசு? சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நீலா, என் பேரைப் போடு."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"என்னம்மா சொல்றே? காலையில பாயை உருவாதேன்னியே."

"சொன்னேன். இப்ப உருவுன்னு சொல்றேன். எனக்குச் சாக இஷ்டமில்லை."

இந்த வார்த்தையை மூன்று மாதமாக யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஆபரேஷன் மேஜையில்கூட 'பிள்ளைங்களுக்குப் பாரம் வேணாம்' என்றுதான் முனகினாள். ரோட்டோரத்தில் சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்து சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்ப தம்பி..." என்று நீலா ஆரம்பித்தாள். நடுவில் யாரோ போனை வாங்கினார்கள்.

"சம்பந்தி, நான் வள்ளியம்மா பேசறேன்."

நீலாவின் மாமியார். நீலா ஸ்பீக்கரில் போட்டிருந்தாளோ, இல்லை இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளோ தெரியவில்லை. முதல் ஊசி போட்டு வந்த அன்றைக்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, அந்த முட்டியோடு இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து கொடுத்தவள்.

"எல்லாம் கேட்டுச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நிஜத்தைச் சொல்லணும்."

"கேளுங்க."

"உங்க மகன் கம்பெனியில பெத்தவங்களுக்கு இடமே இல்லையா?"

அன்னக்கிளி திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தாள். எல்லா மாடியிலும் விளக்கு போட்டிருந்தார்கள், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே.

"இருக்கு சம்பந்தி. அதுல வேற பெத்தவங்க உக்காந்திருக்காங்க."

அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. அப்புறம், முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையிலிருந்து எழுந்திருக்கிறவள் விடுகிற முனகல் ஒன்று.

"நீலா" என்றது வள்ளியம்மாளின் குரல், போனிலிருந்து தள்ளி. "அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை எடுத்துட்டு இங்க வா."

போன் கட்டாயிற்று. அன்னக்கிளி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்த எண்ணைப் பார்த்தாள்.

5:47.